அவுரி

திசையன்விளையிலிருந்து உவரி போகும் சாலையில்
எங்கள் கிட்டங்கி.
கதவைத் திறக்குமுன்பே
காய்ந்த இலையின் கசப்பு தொண்டையில் இறங்கும்.
ஜெர்மனியில் யாரோ ஒருவருக்கு
விடியற்காலையில் வயிறு இளகினால்
எங்கள் வீட்டில் உலை கொதிக்கும்.
அவ்வளவுதான் எங்கள் வியாபாரம்.

இந்தத் தை மாதம்
உலகத்தின் மலச்சிக்கலுக்கு மருந்து
செங்கடல் வாசலில் சிக்கிக்கொண்டது.
சொல்லிவிட்டு நான் மட்டும் சிரித்தேன்.

மூன்று கன்டெய்னர். முப்பத்தாறு டன்.
ஏவுகணைக்குப் பயந்த கப்பல்
ஆப்பிரிக்காவைச் சுற்றப் போய்விட்டது.
கூலி இரட்டிப்பு. இன்ஷூரன்ஸ்காரர்
போர் என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு பில் அனுப்பினார்.

அப்பாவுக்கு எழுபத்துமூன்று.
நாற்காலியை என்னிடம் கொடுத்துவிட்டார்,
செக் புத்தகத்தைக் கொடுக்கவில்லை.
"விக்காத. அடுக்கி வை.
குவைத் சண்டையில அறுபது டன்ன அமுக்கி வச்சேன்,
மூணு பங்கு வெலைக்குப் போச்சு."
கிட்டங்கிச் சுவருக்கே அந்தக் கதை மனப்பாடம்.

அடுத்த சண்டையிலும் அடுக்கி வைத்தார்.
அதைச் சொல்வதில்லை.
பழைய பேரேட்டில் நானே கண்டெடுத்தேன்:
பச்சை போய் இலை பழுப்பேறி
நாற்பத்தோரு மூட்டை, உரக்குழி.
அந்த வரிக்கு மட்டும் பென்சில்.

அண்ணன் மகன் ஜெரினுக்கு இருபத்துநாலு.
மடிக்கணினியில் மூன்று நிறத்தில் ஒரு படம்.
"இந்த சீசன் கொள்முதலே வேண்டாம் அத்தை.
டாலரை இப்பவே பூட்டிருவோம்.
எந்தக் கடல் எப்ப மூடும்னு யாருக்குத் தெரியும்?"
அவன் படத்தில் ராதாபுரம் ஒரு கட்டம்.
சிவப்பு.

நான் இருவருக்கும் நடுவில், நாற்பத்தெட்டு வயதில்,
இரவு இரண்டு மணிக்கு
போனில் ஒரு நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பவள்.
நேற்று அது அசையவில்லை என்று தோன்றியது.
கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.
அசைந்திருந்தது, ஒரு நகக்கண் அளவு.

பேச்சு முற்றிக்கொண்டிருந்தபோது
கேட்டில் லோடு ஆட்டோ ஹாரன்.
மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள் பேச்சித்தாய்,
ராதாபுரத்துக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் குத்தகைக்காரி.
"எக்கா, இன்னைக்கு எடை போடுவியளா, மாட்டியளா?
வாடகை ஏறுது."

வெளியே வந்தேன்.
கிலோவுக்கு நாலு ரூபாய் கம்மி என்றேன்.
"ஏன்?"
"சண்டை."
"எங்கன?"
"தூரத்துல."
"தூரத்துச் சண்டைக்கு
என் இலை என்னக்கா செஞ்சுது?"

ஒரு கைப்பிடி எடுத்து நீட்டினாள்.
நல்ல பச்சை. நொறுங்காத இலை, காம்பு குறைவு.
முந்தாநாள் பறித்து நிழலில் உலர்த்தியது.
இதற்கு அப்பாவின் பொறுமையும் கிடையாது,
ஜெரினின் அடுத்த காலாண்டும் கிடையாது.
நான்கு மாதத்தில் பழுத்துவிடும்,
யார் ஜெயித்தாலும்.

"ரெண்டு ரூபாய் உன் கணக்கு, ரெண்டு என் கணக்கு" என்றேன்.
அவள் நன்றி எதுவும் சொல்லவில்லை.
முதல் மூட்டையைத் தானே இழுத்துத்
தராசில் போட்டாள்.

அப்பா பின்னால் வந்து நின்றார்: "தப்பு பண்ணுத."
ஜெரின் வந்து நின்றான்: "தப்பு அத்தை."
இந்தக் கம்பெனியில் இருவரும்
ஒரே கருத்தில் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

சரியாகக்கூட இருக்கலாம்.
கப்பல் வந்து சேர்ந்தால் தெரியும்.
சேராவிட்டாலும் தெரியும்.

முப்பத்தொரு மூட்டை.
செக் புத்தகத்துக்குக் கை நீட்டினேன்.
அப்பா சட்டைப்பையைத் தடவினார்,
ரொம்ப நேரம் தடவினார்.
பிறகு, பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு
புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.
ஜெரின்
ஒன்றும் பேசாமல்
தன் பேனாவைக் கொடுத்தான்.