மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

மின்சாரம் போனபோது லிஃப்ட்
மூன்றாம் மாடியைத் தாண்டியிருந்தது, நான்கைத் தொடவில்லை.
ஆகஸ்ட் மாதத்துத் தெற்குக் காற்று,
ஆறா கடலா என்று இன்னும் தீராத அந்த நீரைக் கிளப்பி
மொந்தேவிதேயோவின் விளக்குகளை ஊதி அணைக்கிற காற்று.
கம்பிக் கதவுக்கு அப்பால் வெறும் சுவர்.
1951 என்று யாரோ ஆணியால் கீறிய சுவர்.

உள்ளே ஐந்து பேர், நாயைச் சேர்த்தால்.
சேர்க்கத்தான் வேண்டும் என்பார் யமந்து.
பிள்ளை என்பார்.
பிள்ளைக்கு மஞ்சள் மழைக்கோட்டு,
கோட்டில் பை.
பைக்குள் என்ன போட்டு வைக்கும் அது, வீட்டுச் சாவியா?

"கடிக்காது" என்றார். யாரும் கேட்கவில்லை.
கடிக்கிற நாயின் சொந்தக்காரன் வாயே திறப்பதில்லை,
கடிக்காத நாய்களுக்குத்தான் இத்தனை அறிவிப்பு.
கோட்டையும் மீறி ஒரு உதறு உதறியது.
என் காலுறை வரைக்கும் ஈரம்.

இவோன், பிள்ளை வயதை மாதத்தில் சொல்பவள்.
பவுதிஸ்தாவுக்கு நாற்பத்தொன்பது.
எனக்கு அறுநூற்றுப் பதினொன்று என்று
நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது.
அவன் கையில் பிளாஸ்டிக் குழல்,
யாருடைய பிறந்தநாளிலோ பரிசுப் பையில் போட்டுக் கொடுத்தது.
போட்டவர்கள் வீட்டில் முரசு ஒன்று சேரட்டும்.
ஊதினான். நாய் ஊளையிட்டது.
"படைப்பூக்கம்" என்றாள் இவோன்,
அவளே நம்பாத குரலில்.

கீழிருந்து வில்மார் கத்தினார், இதோ, பத்து நிமிடம் என்று.
வில்மாரின் பத்து நிமிடம் எங்கள் கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரியும்.
போனில் பன்னிரண்டு சதவீதம் என்று இவோன் விளக்கை அணைத்தாள்.

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்.
பிறகு அவள்தான்:
"அந்தக் கரடியைக் கண்டாலே எனக்கு ஆகாது."
எந்தக் கரடி?
வகுப்புக் கரடி. துணி. பெயர் பெபோ.
வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டுக்கு விருந்து வரும்,
கூடவே ஒரு நோட்டு.
சனி ஞாயிறு அது என்ன செய்தது என்று
படம் ஒட்டி நாம் எழுத வேண்டும்.
முந்தைய குடும்பம் புந்தா தெல் எஸ்தேவுக்குக் கூட்டிப்போய்
கடல்சிங்கம் காட்டியிருக்கிறது.
"எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின்மேல் கிடந்தது, இரண்டு நாளும்.
நூலகம் போனோம் என்று எழுதிவிட்டேன்.
படம் வேண்டுமே?
ஞாயிறு, மழை, பூட்டிய கதவு,
நானும் கரடியும்."

யமந்து செருமினார்.
"மிலனேசா என் பிள்ளை இல்லை.
முன்னாள் மனைவியின் நாய்.
தலையணையில் பாதி அதற்கு, குறட்டை முழுதும் அதற்கு.
கோட்டு அவள் வாங்கியது.
மழை நாளில் படம் அனுப்பாவிட்டால் கேட்பாள்."
எனக்குப் பாவமாக இருந்தது.
சிரிப்பு அதற்கு முன்னால் வந்துவிட்டது.

என்னை யாரும் கேட்கவில்லை.
நானாகச் சொன்னேன்.
பதினாறு வயது மகன். காதை மூடிய ஹெட்ஃபோன்.
பால் பெட்டியில் ஒரே ஒரு வாய் மிச்சம் வைத்து
திரும்ப ஃபிரிட்ஜில் வைக்கிறவன்.
எறிகிற வேலை தன்மேல் விழாதிருக்க, கச்சிதமாக ஒரு வாய்.
செவ்வாய், புதன்களில்
பூனையைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கிறது.
பூனை ஒன்றும் செய்வதில்லை.
கதவு திறந்தால் யார் என்று பார்க்கிறது.

"வியாழன்?" என்றாள் இருட்டிலிருந்து.
வியாழன் அவன் சமைக்கிறான் என்றேன்.
சுமாராக.

"நானும் ஒன்று சொல்லவா?" என்றான் பவுதிஸ்தா.
சொல்லு.
"ஒண்ணுக்கு வருது."

எங்கள் கருத்துகள் அத்தோடு முடிந்தன.
இவோன் விளக்கைப் போட்டாள்.
யமந்துவின் கக்கத்தில் மாத்தே குடிக்கிற தெர்மாஸ்.
அவள் பார்த்தாள், நான் பார்த்தேன்,
நாய்கூடப் பார்த்தது.
யமந்து இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.
"என் அப்பாவுடையது" என்றார், கெஞ்சலாக.
மின்சாரம் எந்த நொடியில் வந்தது என்று
எங்களுக்குள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

மறுநாள் காலை, வெளிச்சம், அதே லிஃப்ட்.
கடிக்காது என்றார் அவர்.
இன்றோடு ஐம்பது மாதம் என்றாள் அவள்.
யமந்துவின் கக்கத்தில் தெர்மாஸ் இல்லை.
யாரும் கேட்கவில்லை.
கோட்டு எடுப்பாக இருக்கிறது என்றேன் நான்,
நாயின் பக்கம் குனிந்து.