பதினாறு வெள்ளை

பல்லுக்குப் பதினாறு வெள்ளை உண்டு.
புரசைவாக்கத்தில், மாடி லேபில்,
சாவிக்கொத்துபோல் கோத்த மாதிரிப் பற்களை
விரித்து விரித்துப் பார்த்து
யாரோ ஒருவரின் கடைவாய்க்கு
மஞ்சள் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று
பகலெல்லாம் முடிவு செய்கிறேன்.

தோலுக்கு ஒரே குப்பி.
மேலே அச்சிட்டிருக்கிறது: தோல் நிறம்.
திறந்தால்
ஸ்ட்ராபெரி பால்.

கஸ்டம்ஸில் பதினோரு நாள் கிடந்து வந்தான்
ரோமானியப் படைவீரன்.
டம்ளர் உயரம். ரெசின் சாம்பல். மார்போடு முடிந்துவிடுகிறான்.
தலைக்கவசம் தனிப் பையில்.
மூக்கு எப்போதோ உடைந்து கூடியது.
வாய் மூடியிருக்கிறது, நல்லவேளை;
பல் வேலை வீட்டிலும் வேண்டாம்.
எந்த ஊர்க்காரன் என்று பெட்டி சொல்லவில்லை.
குப்பியை மூடி வைத்தேன்.

டிபன் பாக்ஸில் ஈர ஸ்பாஞ்சு, அதன்மேல் பட்டர் பேப்பர்,
அதுதான் என் வண்ணத்தட்டு.
மே மாதம் தூரிகை முனையிலேயே காய்கிறது,
மழை பிடித்தால் மூன்று நாளுக்குப் பிசுபிசுப்பு.

முதல் கன்னம் தோற்றது.
நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தேன், கரி அப்பியது.
வெளிச்சத்துக்கு வெள்ளையைச் சேர்த்தேன்,
எண்ணெய் காணாத முழங்கால்போல்
சாம்பல் பூத்தது.
"இவருக்கு உடம்புக்கு என்ன?" என்றாள் ஜெசிந்தா.
ஸ்பிரிட்டில் ஊறப்போட்டேன் அவனை.
மறுபடியும்.
மூன்றாம் தடவை அவனுக்கே அலுத்திருக்கும்.

பிறகு ரயிலில் பார்க்கத் தொடங்கினேன்.
பார்ப்பதென்றால், திருட்டுத்தனமாக.
கொருக்குப்பேட்டை தாண்டி, பேசின் பிரிட்ஜ் சிக்னலில் நின்ற பெட்டியில்
கூடையை இறக்கி வாசலில் நின்றவரின் தோள்.
கறுப்பு என்று சொல்லிவிட்டுப் போகலாம்.
ஆனால் வியர்வை மினுங்கிய இடத்தில் நீலம்.
நீலமேதான். எட்டரை மணி வானம்
அவர் தோளில் இறங்கி நின்றது.
கழுத்து மடிப்பில் கத்தரிப்பூ.
பின்னாலிருந்து வெயில் துளைத்த காதுமடலில்
உடைத்த மாதுளை.

"இன்னா சார் பாக்குற?"

நிறம் என்று சொல்ல முடியுமா
இந்த ஊரில்?
"மணி என்ன?" என்றேன்,
கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு.

அன்றிரவு
கருங்காவிமேல் கத்தரிப்பூவை நீர்த்து நீர்த்து
பீங்கான் ஏற்றுவதுபோல் ஏடு ஏடாக.
கண்ணுக்குக் கீழே துளி பாசிப்பச்சை.
கீழுதட்டில் மட்டும் சிவப்பு.
மூக்குத் தண்டில் வெள்ளை இல்லை,
ஊசிமுனை வானம்.
பதினெட்டு ஏடோ இருபதோ, எண்ணவில்லை.
இரண்டு மணிக்கு மேல்
அவன் யாரையோ பார்த்தான்.

காலையில் காபியோடு வந்து குனிந்தாள் ஜெசிந்தா.
"நம்ம தண்ணி கேன் தம்பி இல்ல?"
"ரோமானியன்."
"இருக்கட்டுமே. அவனுக்கு முப்பத்தஞ்சு ரூபா பாக்கி தரணும்."

கவசத்தை ஒட்டுமுன் ஒரு வேலை மிச்சம் இருந்தது.
கடிகாரத்தைக் கழற்றினேன்.
வார் கட்டிய இடத்தில் என் மணிக்கட்டு
யாரோ ஒருவனுடையதுபோல் வெளுத்திருந்தது.
அதைப் பார்த்துக் கலந்து
அவன் மேல்நெற்றியில், காதுக்குப் பின்னால்,
இரும்பு எப்போதும் மூடியிருந்த இடமெங்கும்
பூசினேன்.
காயக் காத்திருந்தேன்.
பிறகு பசை தடவி, அழுத்தி,
நூறு எண்ணும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்
கவசத்தை.