எட்டரை மினிபஸ்

சியாலா,
நேற்று ராத்திரி மூன்று தடவை எழுந்தாய்.
நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு
உப்பை வறுத்துக் காலுறைக்குள் கட்டி
விலாவில் அழுத்தி உட்கார்ந்திருந்தாய்.
வலி உன் பக்கம். விழிப்பு
இரண்டு தலையணைக்கும் பொது.

சுராமிச் சாலையோரம், மண் அடுப்புக்குள்
இடுப்புவரை குனிந்து
ஒரே மூச்சில் ஆறு நஸூக்கி ரொட்டி அறைவாய்.
இப்போது இரண்டு.
அப்புறம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
உலர்திராட்சை பொறுக்குவதுபோல் நடிக்கிறாய்.
காரை நிறுத்தி வாங்குகிறவர்கள் நம்புவார்கள்.

ஈஸ்டர் போகட்டும் என்றாய்.
போயிற்று.
பிளம் பழுக்கட்டும் என்றாய். ஜாமே தீர்ந்துவிட்டது.
பனி விழுந்தால் கூட்டம் குறையும் என்கிறாய் இப்போது.

குராமின் பசு ஒரு வேளை தீனி எடுக்காதபோது
மாட்டு டாக்டருக்கு நீதான் போன் போட்டாய்.
"இன்னும் என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய்?" என்று
அவனை ஒரு பிடி பிடித்தாய்.
அந்தத் திட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.
வேண்டுமா?

சரி, உள்ளதைச் சொல்கிறேன்.
எனக்கும் பயம்தான்.
அவர்கள் தரப்போகும் தாளில் என்ன இருக்கும் என்று
நினைக்க ஆரம்பித்து, பாதியில் எழுந்து
விறகு பிளக்கப் போய்விடுகிறேன்.
கொட்டகையைப் பார்,
இரண்டு குளிர்காலத்துக்கு விறகு.

காஷூரி ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண்தான், விசாரித்துவிட்டேன்.
எட்டரை மினிபஸ். முன் இருக்கை இரண்டு.
அடுப்பு ஒரு நாள் ஆறிக் கிடந்தால்
சாலை எங்கும் போய்விடாது.

நீ பதில் சொல்லவில்லை.
மாவுக் கையை ஏப்ரனில் துடைத்தாய்,
தணலை மூடினாய், திரும்பவும் திறந்து பார்த்தாய்.
வெகுநேரம் கழித்து,
என் முகத்தைப் பார்க்காமல்,
"எந்த பூட்ஸ் சட்டென்று கழற்ற வரும்?" என்றாய்.