ஒன்பதாம் மாத்திரை

இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
ரொக்கம் வாங்கும் மூன்றாம் பாதையின்
கண்ணாடிக் கூண்டு என்னுடையது.
ராஜ்நாந்த்காவ் தாண்டி நாக்பூர் போகும் சாலை.
வழிகாட்டிப் புத்தகம் நடுவில் கிழிந்துபோனது.
விளக்கங்கள் என் கல்லாப்பெட்டிக்கு அடியில்,
கேள்விகள் நான்காம் பாதையில்
லுமேஷ் சாஹூவிடம்.

கல்யாண டிஜே தவிர
அவனுக்கு ஓர் இசையும் தெரியாது.
வண்டி இல்லாத நேரம் வாக்கிடாக்கியில் கேட்பான்:
"முகமூடி போடாத சௌ எந்த ஊர்? ஓவர்."
மயூர்பஞ்ச். ஓவர்.
"தீன்தாளில் காலி எத்தனையாவது மாத்திரை? ஓவர்."
நான் வாய் திறப்பதற்குள்
மேலாளர் அறையிலிருந்து தூக்கம் கலையாத குரல்:
"பதினொன்று. லைனை விடுங்கள்."

ஒன்பது, ஐயா.
அங்கிருந்து இடது தபலா குரலை அடக்கும்.
கையால் தாளம் போடுகிறவர்கள் அங்கே தட்டுவதில்லை,
உள்ளங்கையைக் காற்றில் வீசிக் காட்டுவார்கள்:
இங்கே ஒன்றும் இல்லை,
இருந்தாலும் இதுவும் கணக்கில் உண்டு.

அப்படித்தான் ஒருநாள் பதினாறை ஓட்டிக்கொண்டிருந்தேன்.
பிலாய் இரும்புச் சுருள் ஏற்றிய லாரி,
அதற்கும் சக்கரம் பதினாறு,
என் கை காற்றில் போனதைப் பார்த்து
இலவசம் என்று நினைத்துக் கிளம்பிவிட்டது.
குறுக்குக் கம்பியில் மூக்கை இடித்து நின்றதும்
ஓட்டுநர் இறங்கி வந்து முறைத்தார்.
ரௌத்திரம். நிறம் சிவப்பு.
மனதுக்குள் குறித்துக்கொண்டு
மன்னிப்புக் கேட்டேன்.

நிறங்கள்தான் எனக்கு நிற்பதே இல்லை.
ஏழு வருடமாகத் தாளம் விரலில் இருக்கிறது,
நிறம் நாக்கு நுனியில்கூட இல்லை.
ஆகவே வண்டிகளை வைத்துப் பழகினேன்.
நீலத் தார்ப்பாய் மூடிய தோல் லாரி பீபத்சம்,
நாற்றமும் பொருந்தும்.
ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி வரும் மஞ்சள் பேருந்து அற்புதம்,
அத்தனை பேரும் வாய் பிளந்து தூங்குவார்கள்.
கறுப்பு ஸ்கார்பியோ பயானகம்.
யாரோ பெரிய மனிதரின் மைத்துனனாம், பணம் கட்டமாட்டான்.
ஹாஸ்யம் வெள்ளை. வெள்ளைக் கார்களுக்குப் பஞ்சமில்லை.
கருணம் புறாச் சாம்பல்.
அந்த நிறத்தில் மட்டும்
ஒரு வண்டியும் இந்தச் சாலையில் வரவில்லை.

மார்ச் பதினொன்று, விடியற்காலை மூன்றரை.
வெள்ளை ஆம்புலன்ஸ் ஒன்று.
விளக்கு சுழலவில்லை, சத்தமும் இல்லை.
கட்டணம் கிடையாது, கம்பியைத் தூக்கிவிட்டேன்.
ஆனாலும் நின்றது.
பின்னால் இருந்த பெண் ஜன்னலைத் தள்ளி
ஐம்பது ரூபாய்க்குச் சில்லறை கேட்டாள்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
ஐந்து பத்து ரூபாய்த் தாள்கள்.
இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள், நிதானமாக.
மடியில் ஒரு ஜோடிச் செருப்பு,
ஆண் செருப்பு.
வண்டி போய் வெகுநேரம்
கம்பியை இறக்க மறந்திருந்தேன்.
"மூன்று, என்ன ஆச்சு? ஓவர்."
காலி, என்றேன்.

தேர்வு பிலாயில், ஒரு கணினிக் கூடத்தில்.
வளையலைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.
நாற்பத்திரண்டாம் கேள்விக்கு விரல் தானாக மேஜைக்குப் போனது.
"சத்தம்," என்றார் கண்காணிப்பாளர்.
அப்புறம் நாக்கால் பற்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.
ஒன்பதுதான்.

அறுபத்தேழு: கருண ரசத்தின் நிறம் எது?
அ, வெள்ளை. ஆ, சிவப்பு. இ, புறாச் சாம்பல். ஈ, மஞ்சள்.
சுட்டி வெள்ளையில் போய் நின்றது.
தவறினால் ஒரு மதிப்பெண் போகும்.
எனக்கு இடம் வேண்டும், விடுதி வேண்டும்,
எல்லோரையும் போல இரவில் தூங்க வேண்டும்.
புறாவைத் தொட்டேன். நான்கு மதிப்பெண்.
பொய் ஒன்றுமில்லை,
புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

அன்றிரவு பத்துக்குத் திரும்ப மூன்றாம் பாதை.
"எத்தனை சரி? ஓவர்," என்றான் லுமேஷ்.
பதில் சொல்வதற்குள் ஒரு கல்யாணக் கூட்டம் வந்துவிட்டது.
பதினோரு கார், எல்லாம் வெள்ளை,
உள்ளே எல்லோரும் சிரித்தபடி.
ஒவ்வொன்றாக நிறுத்திக்
கட்டணம் வாங்கினேன்.