ஆறு இறங்கிய நாள்

சாமேயிலிருந்து பெத்தானோவுக்கு சவாரி.
பின் சீட்டில் ஃபிலோமெனோ,
அவர் மழைக்கோட்டுக்குள் ஒரு பந்தயச் சேவல்.
அதற்கும் சேர்த்துக் காசு கேட்டிருக்க வேண்டும்.

வழியெல்லாம் மழை. நான் பயப்படவில்லை.
பிளக் மூடியில் பழைய ட்யூபை வெட்டிச் சுற்றி
வெடித்த உதட்டுக்குப் பூசுவதுபோல்
வாசலின் பூசியிருக்கிறேன்.
கார்புரேட்டரின் மூச்சுக் குழாய்களை
சீட்டுக்கடியில் உயரத் தூக்கிக் கட்டியாயிற்று.
போன மழையில் வண்டி ஒருமுறை தண்ணீர் குடித்தது.
எஞ்சின் ஆயில் பால் விட்ட காப்பியாய் வடிந்தது.
அந்தக் காப்பி நூற்றிப் பத்து டாலர்.

கரையில் நின்றோம்.
இங்கே வெள்ளம் வந்தது என்பதில்லை,
ஆறு இறங்கிவிட்டது என்பார்கள்,
மலையில் வேலை முடிந்து
வீடு திரும்புகிறவனைப் போல.
காலையில் வெறும் கல் கிடந்த இடம்.

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தேன்.
சலசலத்து அகன்று ஓடும் இடம் ஆழமில்லை,
வாய் திறக்காமல் வழுக்கிப் போவதுதான் ஆளை விழுங்கும்.
கணுக்கால். முழங்கால்.
நடுவில் ஒரு கல் உருண்டு வந்து
என் பாதத்தின் மேல் ஏறி இறங்கிப் போனது,
மன்னிப்புக் கேட்காமல்.
முழங்காலுக்கு மேல் நான்கு விரல்.
வண்டி நுழைந்தால் தன் அலையைத் தானே எழுப்பும்,
நான்கு விரல் ஒரு சாணாகும்.
காற்றிழுக்கும் வாய் அங்கேதான் இருக்கிறது.

"முதல் கியர் போட்டு முறுக்குப்பா, போயிரலாம்"
என்றார் ஃபிலோமெனோ, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர்.
தப்பில்லை. முழங்கால் வரைக்கும் அதுதான் வேதம்:
முதல் கியர், பாதி க்ளட்ச்,
கண் எதிர்க்கரை மரத்தில்.
ஓடும் நீரைப் பார்த்தால் நாமும் ஓடுவோம்.
புகைக்குழாய் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும்.
கை தளர்ந்த நொடியில்
ஊதுகிற வாய் உறிஞ்சத் தொடங்கும்.

சாவியைத் திருப்பினேன்.
"என்ன, நின்னுபோச்சா?"
"நிற்கவில்லை. நிறுத்தினேன்."
அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்
நூற்றிப் பத்து டாலர்.

சேவலை என் ஹெல்மெட்டுக்குள் உட்காரவைத்து
டேங்கின்மேல் கயிறு போட்டோம்.
நீர் வரும் பக்கம் நாங்கள்,
போகும் பக்கம் வண்டி.
சாய்ந்தால் சாயட்டும், எங்கள் மேல் வேண்டாம்.
பாதி ஆற்றில் ஃபிலோமெனோ
எந்தப் புனிதரையோ கூப்பிட்டார்,
பிறகு என் அம்மாவைத் திட்டினார்,
தோளை மட்டும் எடுக்கவில்லை.

அக்கரையில் பொழுது மங்கியிருந்தது.
பிளக்கைக் கழற்றி, வாயைத் திறந்துவைத்து
நாலு உதை: தண்ணீர் தெறிக்கவில்லை.
துடைத்து, உலோகத்தில் சாய்த்து இன்னொரு உதை.
நீலமாய் ஒரு பொறி.
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சேவல் கூவிற்று,
விடிந்துவிட்டதென்று நினைத்திருக்கும்.

நனைந்த பிரேக்கை அழுத்தி அழுத்திக் காயவைத்தபடி
பெத்தானோ போய்ச் சேர்ந்தோம்.
பேசிய மூன்று டாலரில் இரண்டுதான் கொடுத்தார்.
"ஆற்றில் நான்தானே உன் வண்டியை ஓட்டினேன்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
சேவலுக்கு ஒரு டாலர் கேட்டேன்.