காரணம் உண்டு, காரணம் இல்லை

மினசோட்டாவின் வடக்கே
பனிக்கு அடியிலும் மண் சிவந்திருக்கும்
இரும்புச் சுரங்க ஊர்.
உயர்நிலைப் பள்ளியின் முதல் அறை என்னுடையது.
கண்ணாடித் தடுப்பில் கையகல ஓட்டை.
தாமதச் சீட்டும் பூட்டின் மறந்த எண்ணும்
அதன் வழியேதான்.

அன்றைக்கு மைனஸ் முப்பத்தொன்று.
இரண்டு பேருந்துகள் கிளம்பவில்லை.
ஏழு ஐம்பதுக்குத் தொலைபேசி.
"எம்மெட் லுஷினோட அப்பா பேசறேன்.
பையனுக்குக் காய்ச்சல்."

அடித்தொண்டையிலிருந்து இழுத்த குரல்.
காய்ச்சல் என்ற இடத்தில் உடைந்து
பதினாறு வயதுக்கு இறங்கி
மறுபடி நாற்பத்தைந்துக்கு ஏறியது.
பின்னால் ஒரு சிறுமி
ஒற்றைக் காலுறையைக் காணோமென்று கத்திக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு வருடமாக இந்த நாற்காலி.
அப்பாக்கள் பேசும் விதம் எனக்குத் தெரியும்.
பிள்ளை எந்த வகுப்பு என்பதில் தடுமாறுவார்கள்.
இந்த அப்பா தடுமாறவில்லை.
கேட்காமலே பிறந்த தேதியும் சொன்னார்.

மூன்று நாள் காரணமின்றி வராவிட்டால் வீட்டுக்குக் கடிதம்.
ஏழு நாள் என்றால் விஷயம் மேலே போகும்.
திரையில் இரண்டே கட்டங்கள்:
காரணம் உண்டு. காரணம் இல்லை.
காரணம் இருந்தது.
அப்பாதான் இல்லை.
அதற்குக் கட்டம் கிடையாது.

"சரி, மிஸ்டர் லுஷின்" என்றேன்.
"உங்கள் பையனிடம் ஒன்று சொல்லுங்கள்.
தங்கச்சி பள்ளியில் ஆறரைக்கே கதவு திறக்கிறார்கள்.
ரொட்டி, பால், காசு வேண்டாம்.
படிவம் என் மேசையில் இருக்கிறது."

கம்பியில் காற்று மட்டும்.
பிறகு, "சொல்றேன்" என்றார் மிஸ்டர் லுஷின்.

டிசம்பர் முழுக்க
இல்லாத ஒருவர் வழியே பேசிக்கொண்டோம்.
கார் பேட்டரி. வேதியியல் ஆய்வேடு.
தேர்வுக் கட்டணத்துக்கு விலக்கு உண்டு என்றேன்.
"கேக்க வெக்கப்படுவான்" என்றார்.
"நான் கேட்டாயிற்று, கையெழுத்துதான் பாக்கி" என்றேன்.
அப்பாவின் கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது,
கடைசி எழுத்தின் வால் மட்டும் கொஞ்சம் நீளம்.

பக்கத்து அறை ஆலோசகர் ஐலா கொஸ்கி.
முந்நூற்றுத் தொண்ணூறு பிள்ளைகளுக்கு ஒரே ஐலா.
அழுகை சுவர் தாண்டி வராது.
ஆனால் டிஷ்யூ பெட்டிகள் எவ்வளவு தீர்ந்தன என்று எனக்குத் தெரியும்.
பட்ஜெட்டில் அதற்கு இடமில்லை,
பிரிண்டர் மை என்று எழுதி வாங்குகிறேன்.
பிப்ரவரியில் இந்தப் பள்ளி
பயங்கரமாக அச்சடித்தது.

"லுஷின் அப்பா ரொம்ப அக்கறையானவர் போல"
என்றாள் ஐலா ஒரு மதியம்.
"ரொம்ப" என்றேன்.
அவள் காபியைப் பார்த்தாள்,
நான் ஸ்டேப்ளரைப் பார்த்தேன்.
மறுநாள் முதியோர் இல்லத்தில்
அம்மாவின் இரவு ஷிப்ட் முடியும் நேரத்துக்கு
ஐலாவின் கார் அங்கே நின்றதாம்.
ஒன்பது மணிக்கு என் அறைக் கம்பளத்தில்
அவள் பூட்ஸின் ஈரம்.
வாரத்தில் இரண்டு ஷிப்ட் பகலுக்கு மாறியது.
அழைப்புகள் குறைந்தன.
எனக்கு அது கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது,
சொல்லக் கூடாது.

மார்ச்சில் நார்த் டகோட்டா எண்.
எண்ணெய் வயலின் இரைச்சல் பின்னால்.
"எம்மெட் லுஷினோட அப்பா பேசறேன்.
பையன் இப்ப என்ன, பத்தா? பதினொண்ணா?"

போன வாரம்கூடப் பேசினீர்களே
என்று வாய் வரை வந்துவிட்டது.
விதிப்படி பிறந்த தேதி கேட்டேன்.
மாதம் சரி.
நாளுக்கு இரண்டு முறை முயன்றார்,
மூன்றாவதை நானே தடுத்து
"செய்தி ஏதாவது தரட்டுமா?" என்றேன்.
"கூப்ட்டேன்னு மட்டும் சொல்லுங்க."

மஞ்சள் சீட்டில் எழுதினேன்: அப்பா அழைத்தார்.

மதிய இடைவேளையில் ஓட்டை வழியே வாங்கிப் படித்தான்.
நான்காக மடித்தான்.
பிரித்தான்.
முதல்முறையாகத் தன் சொந்தக் குரலில் என்னிடம் கேட்டான்:
"எந்த அப்பா?"

அவனுக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள்,
ஒருத்தியின் தொப்பியிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது.
சீட்டைத் திருப்பி வாங்கி
பின்பக்கத்தில் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.
அடுத்து யார், என்றேன்.