இரண்டு அங்குலம்

சதுர அடி நானூற்று எண்பது என்றார்.
நாலடிக்கு ஐந்தடி யன்னல், இருபது சதுர அடி;
பூட்டுக்கூலி புறம்பாக ஆயிரத்து ஐந்நூறு.
மூன்று யன்னலுக்கும்
முப்பத்து மூவாயிரத்து முந்நூறு.
வாயால் சொல்லக் கூசியவர்போல்
கல்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்
இம்தியாஸ்.

கைப்பையில் நாலாயிரத்து முந்நூறு இருந்தது,
முந்நூறு ஆட்டோவுக்கு.
"மூன்று வேண்டாம்" என்றேன்,
"கிழக்குப் பக்கம் மட்டும்."

மா ஆலையில் குகநேசனுக்கு
இந்த மாதமும் இரவு முறை.
ஏழு மணிக்குப் படியேறி வருவான்,
புருவத்தில் மா.
ஒரு படி பின்னால் சூரியனும் ஏறி வரும்.
எங்கள் ஊர்ச் சூரியன்
கடலில் முகம் கழுவிவிட்டு நேரே வேலைக்கு வருவது;
ஒருநாள் லீவு கிடையாது.
பத்து மணிக்குள் கட்டில் கொதிக்கும்.
பழைய சேலையொன்றைக் கட்டிப் பார்த்தோம்.
அறை மாம்பழ நிறமானதே தவிர
இருளவில்லை.
பிறகு கச்சான் தொடங்கியது.
மேற்கு யன்னலால் நுழைந்து
சேலையைக் கழற்றிக்
கிழக்கு யன்னலால் வெளியே போட்டுவிட்டுப் போனது.

இம்தியாஸ் உள்ளே போய்
கடதாசி சுற்றிய ஓர் உருளையோடு வந்தார்.
யாரோ அளவு கொடுத்துச் செய்வித்து,
பூட்டப் போனால் பொருந்தாமல்
திருப்பி விட்டுப் போன ரோலர் பிளைன்ட்.
சாம்பல் நிறம், அகலம் நாற்பத்தாறு.
"உங்கட யன்னலுக்கு ரெண்டு அங்குலம் காணாது.
யோசிச்சுக்கொள்ளுங்க."
நாலாயிரத்து ஐந்நூறில் தொடங்கி
மூவாயிரத்து எழுநூற்றைம்பதில் நின்றோம்.
ஊர்பேர் தெரியாதவரின் பிழைக்கு
அதற்குமேல் கொடுக்க என்னிடம் இல்லை.
மிச்சக் காசுக்கு ஆணியும் பிளக்கும்.

ஆட்டோவுக்கு வெளியே ஒரு முனை நீட்டிக்கொண்டு வந்தது.
மைதானத்தடியில் மான்கள் வீதியை மறித்தன.
ஒன்று கிட்ட வந்து முகர்ந்தது,
தின்ன உதவாது என்று கண்டு
குப்பைக்கூடைக்குத் திரும்பியது.

"சுவரில ஒரு ஓட்டையும் போடக் கூடாது, பிள்ளை."
வீட்டுக்கார மிஸிஸ் அருமைநாயகம்
குடிவந்த அன்றே சொன்னது.
நிலைமரத்தில் பூட்டலாமென்று
பெயின்ட்டைச் சுரண்டினான் குகநேசன்.
மரம் பிஸ்கட்போல் உதிர்ந்தது.
உள்ளே நாலு ஆணித்தலை,
துருப்பிடித்து, மூலைக்கொன்றாக.

மேலே வந்து பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத்
திரும்பவும் பார்த்தார்.
"போர்வை கட்டினது," என்றார்.
"அந்த நேரம். எங்கட விளக்கு
வெளியில தெரியக் கூடாதெண்டு."
பக்கத்துவீட்டு நுவனின் டிரில் மிஷின்
கட்டிலில் கிடந்தது,
நாங்கள் அதை ஒளிக்க மறந்திருந்தோம்.
வாசல்வரை போனவர் நின்றார்.
"ரெண்டு ஓட்டைதானே? போடுங்கோ.
தூசைக் கூட்டி விடுங்கோ."

பூட்டுமுன் ஒரு சண்டை.
பக்கத்துக்கு ஒரு அங்குலமா,
ஒரே பக்கம் இரண்டா?
"ரெண்டும் கால்மாட்டுக்கு," என்றான் அவன்.
"கால் முழிச்சிருந்தா எனக்கென்ன?"

இப்போது அந்த இரண்டு அங்குல வெளிச்சம்
அறைக்குள் தன்பாட்டில் உலவுகிறது.
எட்டுக்கு அலுமாரிக் கைபிடியில்.
ஒன்பதுக்குத் தரையில், என் செருப்பில்.
பத்தரைக்கு அவன் குதிக்காலில் ஏறி
சோப்புக்கும் போகாத மாவை
ஒவ்வொரு வெடிப்பாகக் காட்டும்.
அவன் அறியமாட்டான்.
கச்சான் அடித்தால் கீழ்ச்சட்டம்
டக் டக்கென்று நிலையில் தட்டும்;
உடுப்புக் கவ்வி இரண்டு போட்டிருக்கிறேன்,
ஒன்று நீலம், மற்றது உடைந்தது.

நாலு ஆணியையும் பிடுங்கவில்லை.
அவற்றின்மேல் பெயின்ட் அடிக்கவும் இல்லை.

இம்தியாஸிடம் என் நம்பர் இருக்கிறது.
இன்னும் இரண்டு யன்னல் மிச்சம்,
அளவு பிழைத்து யாராவது திருப்பிக் கொடுத்தால்
உடனே கோல் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.